எது எதற்கு வெள்ளோட்டம்

கோபம் வந்தால் எனக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. நடந்தாக வேண்டும். அன்று காலை ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், காவிரிப் பாலத்துக்கு முன்னாலேயே மணியடிக்கச் சொல்லி இறங்கிவிட்டேன். "ஏம்மா, இப்பதானே டிக்கெட் வாங்குனீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். பாலத்தின் மேல் விறுவிறுவென்று நடந்தேன். கையில் போன். போனில் ஒரு வரி.

பெங்களூரில் பலகை விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி தன் பக்கத்தில் போட்டிருந்த அறிவிப்பு அது. 'கடைமடை' என்று ஒரு புதிய ஆட்டம் வரப்போகிறது. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பிலிருந்து கடல் வரை, காவிரிப் படுகை முழுவதும் ஒரே பலகையில். நான்கு பேர் ஆடலாம், இரண்டு மணி நேரம் ஆகும். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல் வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அதுதான் ஆட்டம். உருவாக்கியவர் திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியை என்று பெயரோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: இதற்கு வெள்ளோட்டமாக, தன் பள்ளியின் மதிய இடைவேளைகளில் அவர் ஒரு சிறிய ஆட்டத்தைப் பல வருடங்கள் ஆடிப் பார்த்தார்.

அந்த ஆசிரியை என் பக்கத்து நாற்காலி. தென்னூரில் நாங்கள் வேலை பார்க்கும் பள்ளியில் அவர் பிசிக்ஸ் மிஸ், நான் மேத்ஸ் மிஸ். ஆறு வருடமாக ஒருவரை ஒருவர் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சிறிய ஆட்டத்தின் பெயர் 'தீவு', இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஸ்ரீரங்கம்தான் அந்தத் தீவு. அதை ஆடிப் பார்த்தது 'அவர்' இல்லை. நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி தனியாக ஆட முடியாத ஆட்டம் அது. கம்பெனிக்காரனுக்கு அதுகூடத் தோன்றவில்லையே என்று பாலத்தின் பாதியில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

வெள்ளோட்டம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுத் தேர் செய்தால் முதலில் சாமி இல்லாமல் வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அது. ஆறு வருடம் நான் வெறும் தேரை இழுத்திருக்கிறேன் என்று அந்த வரி சொன்னது. பள்ளிக்குள் நுழையும்போது பிரேயர் முடிந்திருந்தது. முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்பில் எல்லாரையும் காரணமில்லாமல் நிற்க வைத்தேன்.

'தீவு' பிறந்த கதையைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதம். மதிய இடைவேளை நாற்பது நிமிடம். எனக்குச் சாப்பிடப் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களின் மருமகள் கதைகளைக் கேட்கப் பொறுமை கிடையாது, வராண்டாவில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருப்பேன். ஒரு நாள் பிசிக்ஸ் மிஸ் கூப்பிட்டார்.

"மிஸ், நீங்க ஸ்ரீரங்கம்தானே? உங்க ஊரை ஒரு படம் போட்டுக் குடுங்க. முக்கொம்புலேர்ந்து கல்லணை வரைக்கும். ரெண்டு ஆறும் வரணும்."

எதற்கு என்று கேட்காமல் சார்ட் பேப்பரில் போட்டுக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மிஸ், தலைகீழா இருக்கு. தெற்கு மேல போயிருச்சு."

தலைகீழ் என்று எனக்குத் தெரியவே இல்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் முகம் தெற்கே பார்க்கும். பெருமாளும் தெற்கே பார்த்துத்தான் சயனித்திருக்கிறார். பெரிய கோபுரம், பாலம், பள்ளி, ஜவுளிக்கடை, ரயில் ஜங்ஷன் எல்லாமே எங்களுக்குத் தெற்கே. முன்னால் என்றால் தெற்கு, பின்னால் என்றால் கொள்ளிடம். முன்னால் இருப்பதைத்தானே தாளில் மேலே போட முடியும்? கணக்கு டீச்சருக்குத் திசை தெரியாதா என்று கேட்டால் தெரியும். புத்தகத்துத் திசை வேறு, கால் போகிற திசை வேறு.

"உங்க எடமலைப்பட்டி புதூர்லேர்ந்து பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றேன் விடாமல். அவர் ஊர் பக்கத்திலிருந்து பள்ளிக்கு வருகிறவர்கள் வடக்கே பார்த்து வருகிறார்கள், அவர்களுக்கு வடக்குதான் முன்னால். அவர் படத்தைத் திருத்தவில்லை. அதே தாளில் கட்டம் போட்டு, ஷட்டர்களுக்குத் தீக்குச்சியும் தண்ணீருக்கு நீலச் சட்டைப் பட்டன்களும் வைத்தார். முக்கொம்பு வலது ஓரத்தில், கல்லணை இடது ஓரத்தில். தண்ணீர் வலமிருந்து இடமாக ஓடும்.

ஒருவருக்குக் காவிரிக் கரை வயல்கள், இன்னொருவருக்குக் கொள்ளிடக் கரை வயல்கள். பகடையில் விழும் எண்ணிக்கைக்கு முக்கொம்பில் பட்டன் வரும். அதை எந்த ஆற்றில் எவ்வளவு விடுவது என்பதுதான் சண்டை. வயல் காய்ந்தாலும் தோல்வி, மூன்று பட்டனுக்கு மேல் போய் மூழ்கினாலும் தோல்வி. தன் பக்கம் வெள்ளம் வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம் என்று முதலில் விதி. நான்தான் அதில் ஒரு பூட்டுப் போட்டேன்: ஷட்டரைத் திறக்கும் முன் எதிராளியிடம் கேட்க வேண்டும், எதிராளி ஒரு ஆட்டத்தில் மூன்று முறை மட்டும் மறுக்கலாம். அந்த விதி வந்த பிறகுதான் அது ஆட்டமாக ஆனது. இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். பெல் அடிப்பதற்குள் யாராவது ஒருவர் முகம் சிவந்திருக்கும். பெரும்பாலும் என் முகம்தான்.

ஆறு வருடம் இப்படிப் போனது. விதிகளை அடித்தோம், மாற்றினோம், சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தோம், மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை மூடும் முன்பே பலகையை விரித்தோம். இதையெல்லாம் ஒரே வரியில் வெள்ளோட்டம் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்?

அறிவிப்பைப் பார்த்த அன்று மதியம் நான் எதுவும் கேட்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவரும் கம்பெனியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் பெங்களூர் போய்வந்தவர், உறவினர் வீட்டுக்குப் போனதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். அது பொய் என்று இப்போதுதான் புரிந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் கம்பெனி பக்கத்தில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டர் இருந்தது. மூழ்குகிற வயல் இருந்தது. கேட்டுவிட்டுத் திறக்கும் விதியும் இருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து கூடத்தில் நடந்தேன். என் கணவருக்குப் பாத்திரக்கடை, அன்று சீக்கிரம் கடையடைத்து வந்திருந்தார். "என்ன, வீட்டுக்குள்ளயே பிரதட்சிணமா? எத்தனை சுத்து வேண்டுதல்?" என்றார். "உங்களுக்கு எல்லாம் வேடிக்கை" என்று பாய்ந்தேன். அவர் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனாலும் எனக்கு ஆதாரம் போதவில்லை. ஷட்டரும் வெள்ளமும் யாருக்கும் தோன்றலாம். மறுபடி படத்தைப் பார்த்தேன். முழுப் பலகையும் தெரிகிற படம் ஒன்று இருந்தது. பார்த்தவுடன் ஏதோ இடித்தது, என்னவென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கடல் இடப்பக்கம் இருந்தது.

உலகத்தில் எந்தப் படத்தில் தஞ்சாவூர்ச் சீமைக்கு இடப்பக்கம் கடல் இருக்கிறது? வலப்பக்கம்தானே இருக்க வேண்டும்? முழு டெல்டாவும் தெற்கு மேலே இருக்கும்படி திரும்பிக் கிடந்தது. எடமலைப்பட்டி புதூர்க்காரர் யாரும் இப்படிப் போட மாட்டார். என் வாசலில் நிற்கிறவள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. என் படத்தை வைத்து, அதிலிருந்து கிழக்கே இழுத்து இழுத்து அவர் கடல் வரைக்கும் போயிருக்கிறார். சின்னதில் ஒத்திகை பார்த்துவிட்டுப் பெரியதைத் தன் பேரில் போட்டுக்கொண்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்போதே கம்பெனிக்கு மெயில் எழுதினேன். பலகையின் மூலப்படம் என்னுடையது, கேட்டுத் திறக்கும் விதி என்னுடையது என்று எழுதினேன். "உங்கள் பலகையில் கடல் ஏன் இடப்பக்கம் இருக்கிறது என்று உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாது. எனக்குத் தெரியும்" என்று முடித்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. திருப்பிப் படிக்காமல் அனுப்பினேன். பரீட்சைப் பேப்பரை இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லி வருடம் முழுக்கப் பிள்ளைகளைத் தொல்லை செய்கிறவள் நான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. விஷயம் தெளிவாகும் வரை 'கடைமடை' அச்சுக்குப் போவதை நிறுத்தி வைத்திருக்கிறோம், இரு தரப்பும் பேசி முடிவு சொல்லுங்கள் என்று. அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி வரும் என்றுதான் நினைத்திருந்தேன். வரவில்லை. அவருக்கும் இந்த மெயில் போயிருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை, வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற நின்றவள் இரண்டு பஸ்ஸை விட்டேன். பிசிக்ஸ் மிஸ் வழக்கம்போல வந்தார். வழக்கம்போலக் குழம்பில் ஒரு கரண்டி எனக்குப் போட்டார். பலகையை விரித்தார். ஆடினோம். அன்று முழுவதும் அவர் ஒரு முறைகூட மறுக்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம் "திறங்க மிஸ்" என்றார். அவர் வயல் ஒவ்வொன்றாக மூழ்கியது. ஜெயித்தேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை பட்டன்களை டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணிக்கு வந்துருவேன். வீட்டுக்கு வாங்க மிஸ். ஒண்ணு காட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே எடமலைப்பட்டி புதூரில் இறங்கிவிட்டேன். அவர் தெருவை மூன்று முறை சுற்றினேன். என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசையாகப் போட்டு வைத்தேன், எல்லாம் அவர் கதவைத் திறந்ததும் கலைந்துபோனது. கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. "காப்பியா, டீயா?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். டீ கொண்டுவந்து வைத்தார். பிறகு பீரோ மேலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் தாள்களைத் தரையில் பரப்பினார்.

முதல் தாளில் முழுக் காவிரியும் இருந்தது. முக்கொம்பு இடது ஓரத்தில், கடல் வலது ஓரத்தில், வடக்கு மேலே. வயல், ஷட்டர், கடைசி வயலுக்கு ஒரு நட்சத்திரம். மேலே கடைமடை என்று பென்சிலில் எழுதியிருந்தது. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் எங்கள் பள்ளியின் பழைய டைம்டேபிள். கணக்குக்கு எதிரே எனக்கு முன்னால் இருந்த ஆசிரியையின் பெயர்.

"நீங்க வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடியே இது இருக்கு மிஸ். வீட்டுக்காரர் ஒரு தடவ ஆடினாரு, பாதியில தூங்கிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. இந்தா, இந்த முக்கொம்பு கல்லணைக்கு நடுவுல தண்ணி வந்து நின்னுரும். மேல ஆட்டமே நகராது. அதை மட்டும் தனியா வெட்டி யாரோடயாவது ஆடிப் பாக்கலாம்னு இருந்தேன். நீங்க வந்து சேந்தீங்க."

"அப்ப வெள்ளோட்டந்தான்" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது.

"முதல் ஒரு மாசம் ஆமா. பொய் சொல்லல. அப்புறம் இல்ல. அப்புறம் மத்தியானம் ஆனா உங்களோட ஆடணும், அவ்வளவுதான். பெருசை நாலு வருஷம் தொடவே இல்ல. திரும்பி எடுத்துப் பாத்தப்ப என் படத்துலயே எனக்கு வழி தெரியல. உங்க தலைகீழ் பலகையில ஆடி ஆடிக் கண்ணு அப்படி ஆயிருச்சு. அதான் முழுசையும் திருப்பிப் போட்டேன். கடலை உங்க பக்கம் கொண்டுவந்தேன்."

என் பெரிய சாட்சி தரையில் கிடந்தது. இருந்தாலும் விடவில்லை. "அப்ப என் பேரு எங்க மிஸ்?"

"நீங்கதான் வேண்டாம்னீங்க. எக்ஸிபிஷன்ல 'தீவு' வைக்கலாம், ரெண்டு பேர் பேரும் போடலாம்னு கேட்டேன். மேத்ஸ் டீச்சர் பட்டன் வச்சு விளையாடுறான்னு பிள்ளைங்க சிரிக்கும், பேரு கீரு போட்டுடாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டீங்க."

சொன்னேன்தான். அவர் சொல்லும்போதே நினைவு வந்தது. அப்போது அது எனக்கு விளையாட்டுப் பேச்சு. ஆறு வருடத்தில் எப்போது அது என் உடைமையாக ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆனாலும் இதுக்குக் கேட்டிருக்கணும்" என்று அவரே தொடர்ந்தார். "வேண்டாம்னு சொல்வீங்கன்னு கேக்காம இருக்கல. சரின்னு சொல்லிருவீங்களோன்னுதான் கேக்கல. ஒண்ணாவது என் பேருல மட்டும் இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை. அதான் பெங்களூரையும் மறைச்சேன். தப்புதான் மிஸ்."

என் தப்பு அதைவிடப் பெரியது என்று அவர் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தேன். அங்கேயே உட்கார்ந்து கம்பெனிக்கு எழுதினேன்: படுகை முழுவதும் அவருடைய யோசனை, என் படம் வருவதற்கு முன்பே இருந்தது, தீவுப் பகுதியில் எனக்குப் பங்கு உண்டு, வேறு வழக்கு எதுவும் இல்லை. இந்த முறை இருவரும் சேர்ந்து மூன்று தடவை படித்தோம். அவர் ஒரு கமாவைத் திருத்தினார்.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்று போனைப் பார்த்தேன். கடைசியில் பதில் எனக்குத்தான் வந்தது, ஏனோ அவருக்கு வரவில்லை. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் 'கடைமடை'யின் இடத்தில் வேறு ஆட்டம் அச்சுக்குப் போய்விட்டது. தகராறு வந்த ஆட்டத்தை மறுபடி எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம் என்பது நீளம் என்றும் எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள். ஆனால் அதை ஆடிப் பார்த்ததில் அந்தத் தீவுப் பகுதி மட்டும் தனியாக நிற்கும் என்று தெரிந்தது. இருவர் ஆடும் சிறிய ஆட்டமாக அதைத் தருவீர்களா?

படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் அவர் முன்னால் போனை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி மேலே தள்ளி முதலிலிருந்து படித்தார். என் பயமெல்லாம் அவர் அழுதுவிடுவாரோ என்றுதான்.

"நான் வேண்டாம்னு எழுதிடறேன் மிஸ்" என்றேன். "உங்களோடது நின்னுபோனப்புறம் எனக்கு இது எதுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆறு வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்று மூலையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த தமிழ் ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மிஸ், எனக்குப் பாவம் பாக்குறீங்களா? என்னோட ஒன்பது வருஷத்தை ஒரு மெயில்ல முடிச்சீங்க. இதையும் முடிச்சுட்டு நல்லவளா வீட்டுக்குப் போகலாம்னு பாக்குறீங்களா? அனுப்புங்க. இதாவது மிஞ்சட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த பீரியடுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அன்றைக்கே சம்மதம் என்று எழுதினேன். உருவாக்கியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரை முதலில் போட்டேன், என் பெயரைக் கீழே போட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா மிஸ்" என்று கேட்கிறார், ஊரில் யாரைப் பார்த்தாலும் கேட்பதைப் போல. மதிய பெல் அடித்ததும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடியில் பிசிக்ஸ் லேபுக்குப் போய்விடுகிறார்.

விதிகளைப் பலமுறை ஆடிப் பார்த்துக் குறை எழுதி அனுப்பச் சொல்லி கம்பெனி கேட்டிருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. பலகையை விரித்து, காவிரிப் பக்கம் உட்கார்ந்து ஒரு முறை வைக்கிறேன். எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவர் எப்படி வைப்பார் என்று யோசிக்கிறேன். தெரிவதில்லை. ஆறு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும், என் முறை எப்போது வரும் என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.